யாருங்க அந்த ‘ராஜேஷ், சென்னை’?

‘க்வாலிட்டி செம! டெலிவரி சூப்பர் ஃபாஸ்ட்! நன்றி டீம்!’ - ராஜேஷ், சென்னை. ஐந்து ஸ்டார்.

டி-ஷர்ட் கம்பெனி வெப்சைட் எதைத் திறந்தாலும் இவர் ஆஜர். மசாலா கம்பெனியிலும் ராஜேஷ், கோச்சிங் சென்டரிலும் ராஜேஷ், கொசுவலை கம்பெனியிலும் ராஜேஷ். மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர்தான் போடுவார்? அவருக்குப் பக்கத்திலேயே ‘ப்ரியா, பெங்களூரு’. போட்டோவில் பார்த்தால் ப்ரியா ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி!

சிரிச்சாச்சா? இப்ப மேட்டருக்கு வருவோம். சிம்போசியம் சீசன். டிபார்ட்மென்ட் டி-ஷர்ட் அடிக்கணும். 120 பேர், ஆளுக்கு 280 ரூபாய். மொத்தம் 33,600. ‘பாதி அட்வான்ஸ் போடுங்க பாஸ், பத்து நாள்ல சரக்கு வந்துடும்’ என்கிறது ஏதோ ஒரு வெப்சைட். ஹாஸ்டல் ரூம் ரூமா ஏறி இறங்கிச் சேர்த்த 16,800 ரூபாயை, முகம் தெரியாத ஒரு கம்பெனிக்கு அனுப்பலாமா வேண்டாமா? அந்த நேரத்தில் நம்மைத் தலையாட்ட வைப்பவர் பெரும்பாலும் ராஜேஷ்தான். சரக்கு சொதப்பினால் ராஜேஷ் வரமாட்டார். கிளாஸ் ரெப் சட்டையைத்தான் பிடிப்பாங்க.

அதனால கேள்வி இதுதான்: கம்பெனி தன் சொந்த வெப்சைட்டில் போட்டிருக்கும் கஸ்டமர் ரிவ்யூவை எப்படி எடை போடுறது?

சேவூர் கடலை தியரி

காலேஜில் ‘கடலை’ன்னா ஒரு அர்த்தம். அவிநாசிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்க சேவூரில் அதுக்கு வேற அர்த்தம். இங்கே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம் நடக்கும். மூட்டை மேல எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் வியாபாரி கண்டுக்க மாட்டார். உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உடைச்சு, பருப்பைப் பார்த்துட்டுத்தான் விலை சொல்வார்.

பனியன் கம்பெனியிலும் இதே கதைதான். செக்கிங் டேபிளில் நிற்கும் அக்காகிட்ட போய், ‘ஏனுங்கக்கா, இந்த லாட் நல்லா இருக்குதுங்களா?’ன்னு கேட்டுப் பாருங்க. ‘பீஸைக் கொண்டா கண்ணு, பார்த்துட்டுச் சொல்றேன்’ என்றுதான் பதில் வரும். நூல் அறுந்த ஓட்டை இருக்கா, எண்ணெய்க் கறை இருக்கா, ஓவர்லாக் தையல் விட்டிருக்கா... ஒவ்வொண்ணும் பார்த்த பிறகுதான் பாஸ்.

ரிவ்யூவுக்கும் இந்த தியரியைப் போடலாம். ‘இது உண்மையா?’ என்ற கேள்விக்கு உட்கார்ந்த இடத்தில் பதில் கிடைக்காது. ‘இதை உடைச்சுப் பார்க்க எனக்கு வழி இருக்கா?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். ராஜேஷ் நிஜமாகவே சென்னையில் இருக்கலாம், நிஜமாகவே டி-ஷர்ட் வாங்கிச் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால், அதைத் தெரிஞ்சுக்க உங்களுக்கு ஒரு பிடிமானமும் இல்லையென்றால், அந்த ரிவ்யூவோட மதிப்பு பூஜ்யம். பொய்யென்று அர்த்தம் இல்லை, கணக்கில் எடுத்துக்க முடியாது என்று அர்த்தம். எக்ஸாமில் ஆன்ஸர் மட்டும் எழுதி, ஸ்டெப்ஸ் எழுதாத மாதிரி!

‘பார்த்தாலே சொல்லிடுவேன் மச்சி!’

அப்படியா? 2011-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு டெஸ்ட் வச்சாங்க. சிகாகோவில் உள்ள 20 ஹோட்டல்களைப் பற்றி 400 நிஜ ரிவ்யூ, காசு கொடுத்து எழுத வைத்த 400 டூப்பு ரிவ்யூ. இதில் ஒரு பகுதியைப் பிரிச்சுச் சொல்லச் சொல்லி மூன்று கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தாங்க. அவங்க ரிசல்ட்? காசைச் சுண்டிவிட்டு பூவா தலையா பார்த்ததைவிடக் கொஞ்சம்தான் தேவலை. அதே வேலையைக் கம்ப்யூட்டர் புரோகிராம் கிட்டத்தட்ட 90 சதவிகிதம் சரியாகச் செய்தது.

அதில் ஒரு சுவாரஸ்யம். நிஜமாகத் தங்கியவர்கள் பாத்ரூம், ரூம் சைஸ், வாடகை என்று தொட்டுப் பார்த்த விஷயங்களைப் பேசினாங்க. டூப்பு ஆட்கள் ‘நான், என் கணவர், எங்க லீவு’ன்னு தங்களைப் பற்றியே பேசினாங்க. போகாத இடத்தின் பாத்ரூமை எப்படி வர்ணிக்கிறது?

நம்ம ஊர் பாஷைக்கு மாத்தினால் இப்படி வரும். ‘சூப்பர் டி-ஷர்ட், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எங்கே வாங்கினேன்னு கேட்டாங்க’ என்பதில் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘மூணு வாஷுக்கு அப்புறம் சைடு தையல் முன்பக்கமா முறுக்கிடுச்சு, கழுத்து ரிப் மட்டும் லூசாகலை’ என்பதில் சட்டை இருக்கு. சிங்கிள் ஜெர்சி துணி துவைச்சதும் முறுக்குவது திருப்பூரில் எல்லாருக்கும் தெரிந்த தலைவலி. போட்டவனுக்குத்தான் அது தெரியும்.

ஆனா ஒரு எச்சரிக்கை பாஸ். அது 2011. இன்றைக்கு ஏ.ஐ.கிட்ட ‘தையல் முறுக்கினதையும் சேர்த்து எழுது’ன்னு சொன்னால், இருபது செகண்டில் இருபது ரிவ்யூ தரும். எழுத்து நடையை மட்டும் வச்சு இனிமேல் தீர்ப்பு சொல்ல முடியாது.

இல்லாத ஹோட்டலுக்கு முதலிடம்

2017-ல் லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர் தன் வீட்டுத் தோட்டத்து ஷெட்டை ரெஸ்டாரன்ட் என்று ‘ட்ரிப் அட்வைசர்’ தளத்தில் பதிவு செய்தார். சாப்பாட்டு போட்டோக்களுக்கு ஷேவிங் ஃபோம் எல்லாம் பயன்படுத்தினார். நண்பர்களை விட்டு ரிவ்யூ எழுத வைத்தார். போன் செய்தவர்களுக்கெல்லாம் ‘டேபிள் ஃபுல்’. சில மாதங்களில் லண்டனின் நம்பர் ஒன் ரெஸ்டாரன்ட் அதுதான்! அத்தனைக்கும் அது மூன்றாம் ஆள் நடத்தும் தளம். கம்பெனியின் சொந்த வெப்சைட் என்றால்? அங்கே மைக் பிடிக்கிறவரும் அவர்தான், ஜட்ஜும் அவர்தான்.

இன்னொரு ரகசியம். வெப்சைட் டிசைன் செய்யும் நண்பர்கள் யாரையாவது கேளுங்க. ரெடிமேட் டெம்ப்ளேட்டிலேயே ‘கஸ்டமர் சொல்கிறார்’ பகுதி சாம்பிள் பேர், சாம்பிள் போட்டோவோடு வரும். அதை மாத்தாமல் விட்டவர்கள் உண்டு. வெள்ளைக்கார ப்ரியா பிறந்த கதை இதுதான்!

வடிகட்டி யார் கையில்?

பொய் ரிவ்யூ எழுதுவது ஒரு வகை. எழுதாமலே ஏமாத்துவது இன்னொரு வகை. நம்ம ஜவுளி லைனிலேயே இதுக்கு ஒரு கேஸ் இருக்கு.

ஃபேஷன் நோவா. அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆன்லைன் துணிக் கம்பெனி. அவங்க வெப்சைட்டில் நாலு ஸ்டார், ஐந்து ஸ்டார் ரிவ்யூ வந்தால் தானாகவே பப்ளிஷ் ஆகிவிடும். அதுக்குக் கீழே வந்தால் ‘கம்பெனி ஓகே சொல்லட்டும்’னு கிடப்பில் கிடக்கும். ஓகே வரவே வராது. 2015 கடைசியிலிருந்து 2019 நவம்பர் வரை லட்சக்கணக்கான ரிவ்யூக்கள் இப்படி அமுங்கிப் போனதாக அந்த நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 2022 ஜனவரியில் 42 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு கம்பெனி கேஸை முடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? வெளியே தெரிந்த ஒவ்வொரு ரிவ்யூவும் நிஜ கஸ்டமர் எழுதியதாகவே இருந்தாலும் மொத்தப் படம் பொய்! 100 பேரில் 60 பேர் ‘சூப்பர்’, 40 பேர் ‘மொக்கை’ என்று எழுதி, அந்த 40-ஐ மறைச்சால், பார்க்கிறவனுக்கு நூற்றுக்கு நூறு திருப்தி.

2019-ல் சன்டே ரைலி என்ற அழகுப் பொருள் கம்பெனியும் மாட்டியது. அங்கே ஊழியர்களே வேற வேற பெயரில் அக்கவுன்ட் திறந்து, செஃபோரா கடையின் வெப்சைட்டில் தங்கள் சரக்கையே புகழ்ந்து எழுதினாங்க என்பது புகார்.

ஆக, ஒரு ரிவ்யூ பக்கத்தில் ஒரே ஒரு மூணு ஸ்டார்கூட இல்லையென்றால் உஷார். குறை சொல்லும் ரிவ்யூவும், அதுக்குக் கம்பெனி கொடுத்த பதிலும் பக்கத்தில் இருந்தால் அது ப்ளஸ் பாயின்ட்.

ராஜேஷுக்கு ஒரு வைவா

லேப்பில் எக்ஸ்டர்னல் நம்மைக் கேட்கிற மாதிரி, ரிவ்யூவை நாம கேட்கலாம். பத்து நிமிஷ வேலை.

1. ஆள் இருக்காரா? ‘ராஜேஷ், சென்னை’ தேறாது. ‘இன்ன காலேஜ், இன்ன டிபார்ட்மென்ட், 2024 சிம்போசியம், 150 பீஸ்’ என்று இருந்தால் தேறும். அந்தக் காலேஜ் அசோசியேஷனைப் பிடித்து, ‘அண்ணா, நீங்க இவங்ககிட்டதான் டி-ஷர்ட் அடிச்சீங்களா?’ன்னு கேட்டுடலாம். கம்பெனி கொடுக்கும் நம்பரில் கூப்பிடாதீங்க. காலேஜ் பக்கம் நீங்களே தேடி எடுத்த நம்பரில் கூப்பிடுங்க.

2. போட்டோ யாருடையது? படத்தைக் கூகுள் லென்ஸில் போடுங்க. அதே முகம் பல் டாக்டர் விளம்பரத்திலும் யோகா கிளாஸிலும் சிரித்தால், சோலி முடிஞ்சது.

3. தேதி ஒத்துப்போகுதா? வெப்சைட் முகவரி எப்போது பதிவானது என்பதை ‘ஹூ ஈஸ்’ தேடலில் பார்க்கலாம். அந்தப் பக்கம் முன்பு எப்படி இருந்தது என்பதை ‘வேபேக் மெஷின்’ காட்டும். போன மாசம் பிறந்த வெப்சைட்டில் மூணு வருஷத்துக்கு முந்தைய ரிவ்யூ எப்படி வந்தது? ஒரே வாரத்தில் நாப்பது ரிவ்யூ, அப்புறம் ஆறு மாசம் அமைதி என்றாலும் சந்தேகப்படலாம்.

4. ‘வெரிஃபைடு’ முத்திரையைக் குத்தியது யார்? அமேசானில் ‘வெரிஃபைடு பர்ச்சேஸ்’ என்றால், அந்தப் பொருள் அங்கே வாங்கப்பட்டதற்கு ஆர்டர் ரெக்கார்டு இருக்கு என்று அர்த்தம். கம்பெனியே தன் பக்கத்தில் பச்சை டிக் போட்டால் அது வெறும் டிசைன். வேற தளத்தின் பேட்ஜ் என்றால் கிளிக் பண்ணுங்க. அந்தத் தளத்தில் கம்பெனியின் பக்கம் திறக்கணும். சும்மா படம் மட்டும் பெரிசானால், டாட்டா காட்டிடுங்க.

5. கம்பெனி இருக்கா? வெப்சைட்டில் ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தால், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் போட்டுப் பார்க்கலாம். 15 இலக்கம், முதல் இரண்டும் 33 என்றால் தமிழ்நாடு. பெயர், பதிவுத் தேதி, இன்னும் நடப்பில் இருக்கா என்பதெல்லாம் வரும். 2017 ஜூலையில்தான் ஜி.எஸ்.டி. வந்தது என்பதால், பழைய கம்பெனிக்கும் அதுக்கு முந்தைய தேதி இருக்காது. சின்ன யூனிட்டிடம் நம்பரே இல்லாமலும் இருக்கலாம்.

அஞ்சு ஸ்டார் கணக்கு

கணக்குப் புலிகளுக்கு ஒரு குட்டிக் குறிப்பு. ‘ஏ’ கடைக்கு 5 ரிவ்யூ, ஐந்துமே நல்லது. ‘பி’ கடைக்கு 100 ரிவ்யூ, 94 நல்லது. எது பெட்டர்? பிரெஞ்சு கணித மேதை லாப்லாஸ் 18-ம் நூற்றாண்டிலேயே ஒரு வழி சொல்லியிருக்கார். நல்லதோடு 1, மொத்தத்தோடு 2 கூட்டி வகுங்க. ‘ஏ’வுக்கு 6/7, சுமார் 86 சதவிகிதம். ‘பி’க்கு 95/102, சுமார் 93 சதவிகிதம். ‘பி’தான் பாஸ். ஆனால், வடிகட்டாத ரிவ்யூவாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்!

செக் பண்ணும் இடமே டூப்பு!

‘லிங்க்கை கிளிக் பண்ணினேன், சரியா வந்துச்சு’ன்னு நிம்மதியாக இருக்க முடியுமா? நம்ம தொழிலுக்குக் கசப்பான பாடம் ஒண்ணு உண்டு. ஆர்கானிக் பருத்தித் துணிக்கு ‘காட்ஸ்’ என்ற உலகளாவிய தரச்சான்று இருக்கிறது. இந்தியாவில் ஆர்கானிக் பருத்தியின் பெயரில் பெரிய மோசடி நடந்ததை 2020 அக்டோபரில் அந்த அமைப்பே அறிவித்தது. போலிச் சான்றிதழில் க்யூ.ஆர். கோடு இருந்தது. ஸ்கேன் செய்தால் வெப்சைட் திறந்தது. ஆனால், திறந்தது அரசு வெப்சைட் மாதிரியே செய்த நகல்! சுமார் 20 ஆயிரம் டன் பருத்தி இப்படிக் கணக்கில் ஏறியதாகச் சொன்னாங்க. 11 கம்பெனிகளுக்குச் சான்றிதழ் தடை.

பாடம் ஈஸி: அவங்க கொடுத்த கதவு வழியா உள்ளே போய் அவங்களைச் சோதிக்காதீங்க. முகவரியை நீங்களே டைப் பண்ணிப் போங்க. காட்ஸ், ஓகோ-டெக்ஸ் இரண்டுக்குமே லேபிளில் உள்ள எண்ணை வச்சுத் தேடிப் பார்க்கும் வசதி அவங்கவங்க சொந்தத் தளத்திலேயே இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகளின்படி, விற்பவர் தன்னைக் கஸ்டமர் மாதிரி காட்டிக்கொண்டு ரிவ்யூ போடக்கூடாது. குறை தீர்க்கும் அதிகாரியின் பெயர், தொடர்பு விவரங்களை வெப்சைட்டில் கொடுக்கணும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் ‘கிடைத்தது’ என்று சொல்லணும், ஒரு மாதத்தில் தீர்க்கணும்.

2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ரிவ்யூக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டு வந்தது. ஆமாங்க, இரும்புக் கம்பிக்கு ஐ.எஸ்.ஐ. மாதிரி ரிவ்யூவுக்கும் ஸ்டாண்டர்டு! எழுதுபவரை மெயில், போன் மாதிரி ஏதாவது ஒரு வழியில் உறுதி செய்யணும், வந்த ரிவ்யூவை இஷ்டத்துக்குத் திருத்தக்கூடாது, குறை சொன்னதற்காக அமுக்கக்கூடாது என்பதெல்லாம் அதன் சாரம். கட்டாயமாக இல்லாமல், விரும்பிய கம்பெனிகள் பின்பற்றும் தரமாகத்தான் அது அறிமுகமானது. அமெரிக்காவில் போலி ரிவ்யூவுக்கு எதிரான விதி 2024 அக்டோபரில் அமலானது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் தடை போட்டது.

பணம் கட்டி ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பக்கா ஆன்லைன் மோசடி என்றால் 1930. லேட் பண்ணாமல் கூப்பிடணும்.

ரிவ்யூவே தேறலைன்னா?

அதுக்காகக் கம்பெனியைக் கழட்டி விட்டுடாதீங்க. சேவூர், அவிநாசிப் பக்கம் பத்து பவர் டேபிள் மிஷினோடு வீட்டுக்குப் பின்னால் நேர்மையாகத் தொழில் நடத்தும் அண்ணன்கள் நிறைய பேர். அவங்க வெப்சைட்டில் ரிவ்யூ பகுதியே இருக்காது. பெரிய கம்பெனி நூறு ராஜேஷ்களை உருவாக்கும்போது அடிபடுவது இவங்கதான்.

இவங்களுக்கு ரிவ்யூவைவிட நல்ல டெஸ்ட் நம்ம கையிலேயே இருக்கு. ‘அண்ணா, ஒரு சாம்பிள் பீஸ் கொடுங்க’ன்னு காசு கொடுத்து வாங்குங்க. 10 செ.மீ.-க்கு 10 செ.மீ. துணியை வெட்டி, கெமிஸ்ட்ரி லேப் தராசில் வையுங்க. 1.8 கிராம் என்றால் 180 ஜி.எஸ்.எம். சொன்னது 180, வந்தது 150 என்றால் குட்டு வெளிப்பட்டது. இன்னொரு பீஸில் 25 செ.மீ. சதுரம் வரைந்து மூணு தடவை துவைங்க. 24 ஆகிவிட்டால் 4 சதவிகிதம் சுருக்கம். பக்கத்து ஊர் என்றால் பஸ் ஏறி யூனிட்டையே பார்த்துட்டு வந்துடலாம். முழு அட்வான்ஸ் கேட்டால் பேரம் பேசி, பாதியைச் சரக்கு வந்து எண்ணிப் பார்த்த பிறகு கொடுங்க.

நீங்களே ராஜேஷ் ஆகாதீங்க!

கடைசியா ஒரு முக்கியமான மேட்டர். ‘வீட்டிலிருந்தே வேலை. ஒரு ரிவ்யூவுக்கு 50 ரூபாய்’ என்று வாட்ஸ்அப், டெலிகிராமில் மெசேஜ் வரும். பாக்கெட் மணி இல்லாத ஸ்டூடன்ட்டுக்கு ஆசை வரத்தான் செய்யும். முதல் நாள் 150, 200 நிஜமாகவே அக்கவுன்ட்டில் விழும். அடுத்து, ‘பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டு’ என்பாங்க. ஸ்கிரீனில் உங்கள் பேலன்ஸ் ஏறிக்கிட்டே போகும். எடுக்கப் போனால், ‘டேக்ஸ் கட்டு, ஃபீஸ் கட்டு’ன்னு மறுபடி கேட்பாங்க. நாடு முழுக்க ஏராளமானவர்கள் பணத்தை இழந்த ஃபார்முலா இது. பணம் போகாவிட்டாலும், நீங்கள் எழுதிய ஒவ்வொரு ஐந்து ஸ்டாரையும் நம்பி எங்கேயோ ஒரு கிளாஸ் ரெப் 16,800 ரூபாய் அனுப்புவான் என்பதை மறந்துடாதீங்க.

அதுக்குப் பதில், வாங்கின பொருளுக்கு ஒரு நல்ல ரிவ்யூ எழுதிப் பழகுவோமே. எந்த மாசம், எத்தனை பீஸ், எந்தத் துணி, எத்தனை வாஷ், எது ஓகே, எது சொதப்பல், சொதப்பினதுக்குக் கம்பெனி என்ன செய்தது. கூடவே டி-ஷர்ட்டோடு ஒரு குரூப் போட்டோ. அடுத்த வருஷம் ஜூனியர் ஒருத்தன் அதைப் படிச்சுட்டு, ‘அக்கா, அந்தக் கம்பெனி எப்படி?’ன்னு உங்களையே தேடி வந்து கேட்கணும். கேட்க ஆள் இருக்கிற ரிவ்யூதான் ரிவ்யூ!